நான் சைடு வீல் வாங்கிய வருடம்

மூன்று சக்கர வண்டி என்று ஊரே சொல்கிறது. எண்ணிப் பார்த்தால் நான்கு. முன்னால் ஒன்று, பின்னால் ஸ்கூட்டரோடு வந்தது ஒன்று, அதற்கு இரண்டு பக்கமும் சின்னதாக இன்னும் இரண்டு. அந்தச் சின்னச் சக்கரங்களைத்தான் சைடு வீல் என்கிறோம். சக்கரத்தின் எண்ணிக்கையையே யாரும் சரியாகச் சொல்லாத ஒரு வண்டியைப் பற்றி, மற்ற விவரமெல்லாம் எனக்குச் சரியாகச் சொல்லிவிடுவார்கள் என்று நம்பியது என் தவறு.

இப்போது அப்படி ஒரு வண்டி வாங்க நினைப்பவர்கள் எப்படியோ என் நம்பரைப் பிடித்துக் கூப்பிடுகிறார்கள். எந்தக் கம்பெனி வண்டி எடுக்கலாம், மைலேஜ் எவ்வளவு கொடுக்கும் என்று ஆரம்பிப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், அதனால் கோபப்படக் கூடாது என்று நினைத்துக்கொள்வேன். ஆனாலும் வரும். கேட்கிறவர்கள் மேல் அல்ல. எனக்கு நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் அது யார் மேல் என்று விளங்கும்.

எனக்கு நாற்பத்தொரு வயது. இரண்டு வயதில் வந்த போலியோவில் வலது கால் சூம்பிவிட்டது. இடுப்பிலிருந்து பாதம்வரை காலிப்பர் என்னும் தாங்குகம்பி மாட்டிக்கொண்டு, கையில் ஒரு தடியோடு நடக்கிறேன். நாமக்கல்லில் கோழித் தீவனம் பரிசோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை. பண்ணைகளிலிருந்து வரும் மக்காச்சோளத்திலும் புண்ணாக்கிலும் பூஞ்சை நஞ்சு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பதினாறு வருடமாக அதே மேசை, அதே நாற்காலி. என் வீடு சேந்தமங்கலம் ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. பஸ் ஊர்ப் பாதை பிரியும் விலக்கோடு போய்விடும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதன் முதல் படி என் முழங்காலுக்கு மேலே இருக்கிறது. நான் ஏறி முடிக்கும்வரை நிற்க அந்த டிரைவருக்கு என்றுமே நேரம் இருந்ததில்லை.

என் வீட்டுக்காரர் போர்வெல் போடும் ரிக் லாரியில் ஆப்பரேட்டர். வருடத்தில் பத்து மாதம் வடக்கே எங்காவது பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பார். அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் நான் பிறந்த ஊரிலேயே, தம்பி வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறோம். தம்பிக்குக் கோழிப் பண்ணை இருக்கிறது. தினமும் காலையில் அவன்தான் பைக்கில் என்னை ஆய்வகத்தில் இறக்கிவிடுவான், சாயங்காலம் கூட்டி வருவான். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை.

ஒரு காலை நான் காலிப்பர் பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தபோது, வாசலில் அவன் யாரிடமோ போனில் பேசியது கேட்டது. "தீவன வண்டி வந்தா நிக்கச் சொல்லுங்க. நான் அக்காளை எறக்கி உட்டுப்போட்டு வாரேன். தினமும் எனக்கு அந்த வேலை ஒண்ணு இருக்குதுங்களே." அலுப்பாகச் சொல்லவில்லை. பல் தேய்க்க வேண்டும், மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டும் என்பதைப் போலத்தான் சொன்னான். ஆனால் அன்றைக்கு அவன் பின்னால் உட்கார்ந்து போன பதினொரு கிலோமீட்டரும் எனக்கு நெருஞ்சிமுள் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒரு மூட்டையாகத்தான் இத்தனை வருடம் போய் வந்திருக்கிறேன் என்று தோன்றியது. சாயங்காலம் இறங்கும்போதே அவனிடம் சொல்லிவிட்டேன், சைடு வீல் வண்டி வாங்கப்போகிறேன் என்று.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. பைக் என்றால் அவனுக்கு உயிர். "நான் பாத்துத் தாரனுங்க்கா, நீங்க ஒண்ணுக்கும் கவலைப்படாதீங்க" என்றான். நான் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

ஷோரூமுக்குப் போனோம். வாசலில் நான்கு படி, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. தம்பியின் தோளைப் பிடித்து ஏறினேன். உள்ளே இருந்த விற்பனைக்காரர் நல்ல பையன்தான், மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் எல்லாவற்றையும் தம்பியிடமே பேசினார். "சார் தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?" தம்பி, "எனக்கில்லீங்க, அக்காளுக்கு" என்றான். அடுத்த கேள்வியும் தம்பியிடமே வந்தது. "அக்கா ஓட்டுவாங்களாங்க?"

நான் அவருக்கு ஓரடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். "சைடு வீல் மாட்டுன வண்டி ஒண்ணு இருந்தா உக்காந்து பாக்கலாங்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் வெளியில மாட்டிக்கறதுங்க. எங்ககிட்ட ரெண்டு வீல் வண்டிதானுங்க. எடுத்துட்டுப் போயி மாட்டிக்குங்க."

நான் ஓட்டப்போகும் வண்டி எப்படி இருக்கும் என்று உட்கார்ந்து பார்க்காமலேயே அதை வாங்கினேன். புடவை எடுத்தால்கூட மேலே போட்டுப் பார்க்காமல் எடுக்க மாட்டேன். தம்பியும் விற்பனைக்காரரும் என்ஜினைப் பற்றி அரைமணி நேரம் சந்தோஷமாகப் பேசினார்கள். நிறத்தையும் தம்பியே தேர்ந்தெடுத்தான். சாம்பல் நிறம். அழுக்குத் தெரியாதாம்.

சைடு வீல் மாட்டுவதற்கு, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கும் ரோட்டில் ஒருவரைத் தம்பி பிடித்தான். லாரி கேபினும் ஏணியும் செய்கிறவர். நடுவில் இந்த மாதிரி வேலையும் வந்தால் செய்துகொடுப்பார். நான் நான்கைந்து சந்தேகம் கேட்டேன். உயரம் எப்படி வைப்பீர்கள், ஸ்பிரிங் இருக்குமா, நான் எந்தப் பக்கமாக ஏறி இறங்குவது. அவர் சிரித்தார்.

"பதினாறு வீல் லாரிக்கே பாடி கட்றனுங்க. இது என்னங்க, ரெண்டு குட்டிச் சக்கரம்."

டேப்பை எடுத்து வண்டியை நீளத்தில் அளந்தார், அகலத்தில் அளந்தார், தரையிலிருந்து உயரம் அளந்தார். நான் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என்னை வண்டியில் உட்காரச் சொல்லவே இல்லை. எனக்கும் அப்போது அது ஒரு குறையாகத் தோன்றவில்லை. ஒரு வாரத்தில் தருகிறேன் என்றவர் ஐந்து வாரம் இழுத்தார். எப்போது கூப்பிட்டாலும், "பெயிண்ட் காயுதுங்க" என்றார். சித்திரை வெயிலில் எந்தப் பெயிண்ட் ஐந்து வாரம் காய்கிறது?

ஒருவழியாக வண்டி தயாரானபோது, எடுத்துவரத் தம்பிதான் போனான். நான் வாசலில் எலுமிச்சம்பழமும் கற்பூரமுமாகக் காத்திருந்தேன். தம்பி மனைவி கோலம் போட்டு வைத்திருந்தாள். வண்டி வரவில்லை. தம்பியை மட்டும் இரண்டு பேர் ஒரு பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். அவன் இடது பாதம் வீங்கி, செருப்பில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். மெயின் ரோட்டில் நேராக வரும்வரை ஒன்றும் ஆகவில்லை. எங்கள் ஊர்ப் பாதையில் மக்காச்சோளக் காட்டை ஒட்டி ஒரு வளைவு இருக்கிறது. பைக்கில் சாய்வதுபோல அந்த வளைவில் அவன் சாய்ந்திருக்கிறான். இந்த வண்டி சாயாது. ஹேண்டிலைத்தான் திருப்ப வேண்டும். அவன் ஒரு பக்கம் சாய, வண்டி நேராகப் போய்க் கிளுவை முள் வேலிக்குள் புகுந்துவிட்டது. புகும்போது பழக்க தோஷத்தில் இடது காலைக் கீழே ஊன்றியிருக்கிறான். பின்னால் வந்த சைடு வீல் அந்தப் பாதத்தின் மேலேயே ஏறியது. இரண்டு விரல் எலும்பு முறிந்தது.

கட்டுப் போட்டு வந்ததும் அவன் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இது. "அந்த வண்டி ஆகாதுங்க்கா. நானே உழுந்துட்டேன். நீங்க எப்புடி ஓட்டுவீங்க?"

எனக்குப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. அவன் விழுந்ததே இரண்டு சக்கரம் ஓட்டத் தெரிந்ததால்தான் என்று அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இருபது வருடம் பைக் ஓட்டிய உடம்புக்கு இந்த வண்டி எதிரி. எதுவும் ஓட்டாத என் உடம்புக்கு மறக்க வேண்டியது ஒன்றுமே இல்லை. இதைச் சொல்ல அந்த நேரத்தில் யாரும் இல்லை. அவன் சொன்னதைத்தான் வீட்டில் எல்லோரும் திரும்பச் சொன்னார்கள்.

வீட்டுக்காரர் வடக்கேயிருந்து போனில் பேசினார். பின்னால் ரிக் ஓடும் சத்தம். "வித்துப்போடு புள்ள. நான் ஊருக்கு வந்தா ஒரு கார் பாக்கலாம்."

"கார் வந்தா யாருங்க ஓட்டுவாங்க?"

அவர், "சாப்புட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

விற்கவில்லை. வேலியிலிருந்து வண்டியை எடுத்துவந்து வாசலில் நிறுத்தச் சொன்னேன். முன் விளக்குக்கு மேலே கீறல், மற்றபடி ஒன்றும் ஆகவில்லை. ஆய்வகத்துக்கு ஆட்டோ வைத்துப் போய்வந்தேன். சாயங்காலம் வந்ததும் வாசலில் ஓட்டிப் பழகுவேன். பழகினேன் என்று சொல்வது தப்பு, மாட்டிக்கொள்வேன். எங்கள் சிமெண்ட் வாசலுக்கும் மண் பாதைக்கும் நடுவே தண்ணீர் ஓடிய தடம் ஒன்று பள்ளமாக இருக்கிறது. அதில் இறங்கியதும் சின்னச் சக்கரங்கள் இரண்டும் பள்ளத்தின் இரண்டு கரையிலும் ஏறி நின்றுகொள்ளும். வண்டியை இழுக்க வேண்டிய நடுச் சக்கரம் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் தொங்கும். ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க அது காற்றில் சுற்றும். வண்டி ஓர் அங்குலம் நகராது. பின்னால் எடுக்கலாம் என்றால் ரிவர்ஸ் கிடையாது. இறங்கித் தள்ளலாம் என்றால், இறங்கித் தள்ள முடிகிறவள் எதற்கு இந்த வண்டியை வாங்குகிறாள்? ஹாரனை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தம்பி மனைவி கைவேலையை விட்டுவிட்டு ஓடிவந்து தள்ளுவாள்.

கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் வைத்துக்கொண்டு தம்பி தன் வாசலிலிருந்து யோசனை சொல்வான். "மொள்ள முறுக்குங்க்கா." "சட்டுனு முறுக்கணுமுங்க." "பயத்துல கை நடுங்குது பாருங்க, அதான்." ஒருநாள் பேட்டரி இறங்கிவிட்டது. தம்பி மனைவி கிக்கரை உதைக்கப் போனாள். பாதி தூரத்தில் அது சைடு வீலைத் தாங்கும் இரும்பில் இடித்து நின்றுவிட்டது. பட்டறைக்காரர் அந்த இரும்பைப் பற்றவைக்கும்போது கிக்கர் என்று ஒன்று இருப்பதையே பார்க்கவில்லை. அப்போதுகூட நான் பட்டறையைச் சந்தேகப்படவில்லை. எனக்குத்தான் வரவில்லை என்று நினைத்தேன். சின்ன வயதிலிருந்து எது நடக்காமல் போனாலும் என் காலைத்தான் காரணமாகச் சொல்லிப் பழகியிருந்தேன். இரண்டு மாதம் அப்படியே போயிற்று.

வண்டியை என் பெயரில் மாற்றுத்திறனாளி வாகனமாகப் பதிய வேண்டும், எனக்கு அதற்கான லைசென்ஸும் வேண்டும். ஒரு மினி லாரியில் ஏற்றி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த அதிகாரி வண்டியைச் சுற்றி வந்தார். "மாட்டறதுக்கு முன்னாடியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கியிருக்கணுமுங்களே. இப்ப மாட்டிட்டு வந்து நின்னா எப்படிங்க?" என்றார். ஷோரூமில் யாரும் சொல்லவில்லை, பட்டறையிலும் சொல்லவில்லை. எந்தெந்தத் தாள் வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு புளியமரத்தடியில், என் வண்டிக்குப் பக்கத்தில், அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தார். நீல நிற ஸ்கூட்டர், அதுவும் சைடு வீல் மாட்டியதுதான். கரடுமுரடான மண்ணில் அலுங்காமல் வந்து என் பக்கத்தில் நின்றது. முப்பத்தைந்து வயது இருக்கும். வண்டியின் பக்கவாட்டில் செருகியிருந்த இரண்டு ஊன்றுகோல்களை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினார். தம்மம்பட்டிப் பக்கம் பிறந்தவர், இங்கே ஒரு விடுதிப் பள்ளியில் வார்டன் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. என் வண்டியைத்தான் பார்த்தார்.

"ஏங்க, உங்க வண்டி என்னா இப்படித் தூக்கிக்கிட்டு நிக்குது?"

நான் பதில் சொல்வதற்குள் குனிந்து, பின் சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே கையை விட்டார். உள்ளங்கை முழுதாக உள்ளே போயிற்று.

"நீங்க உக்காந்தா சமதரையில லேசா ஒரசும், சின்னப் பள்ளம்னாலும் தூக்கிக்கும். சைடு வீலை ரொம்ப எறக்கி வெச்சிட்டாங்க. நடுவுல இருக்கறதுதான் வண்டிய இழுக்கணும். அது தரையத் தொடலன்னா யாரு ஓட்டுனாலும் ஓடாது. உங்கள உக்கார வெச்சு அளவு எடுத்தாங்களா?"

"இல்லீங்க."

"என்னது, ஆளு இல்லாமயா? ஜாக்கெட் தைக்கறதுக்கே ஆள நிக்க வெச்சுத்தான அளவு எடுக்கறோம்!"

அவர் தன் வண்டியின் சாவியை என் முன்னால் நீட்டினார்.

"இதுல ஏறுங்க. ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க."

"எங்காச்சும் கொண்டுபோயி மோதிட்டனுங்கன்னா?"

"மோதுனா என்னா, வண்டிதான? வண்டியச் சாய்க்கப் பாக்காதீங்க, ஹேண்டிலத் திருப்புங்க. வளைவு வரதுக்கு முன்னாடியே ஆக்சிலேட்டர விட்டுடுங்க. எந்தப் பக்கம் திரும்பறீங்களோ அந்தப் பக்கம் ஒடம்பக் கொஞ்சம் கொடுங்க. எது நடந்தாலும் காலக் கீழ வைக்காதீங்க. அவ்ளோதான்."

எனக்கு ஓட்டுவதைப் பற்றி அதுவரை கிடைத்த யோசனைகளில் இந்த நான்கு வரி மட்டும்தான் உபயோகமானது. ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருகினேன். அலுவலகத்துச் சோதனை மைதானத்தின் ஓரமாக வண்டி கிளம்பியது. ஒரு பள்ளம் வந்தது. அடியில் ஸ்பிரிங் அமுங்கி எழுந்ததே தவிர வண்டி நிற்கவில்லை. மூலையில் திரும்பினேன். திரும்பியது. மறுபடி ஒரு சுற்று, இன்னொரு சுற்று. டிரைவிங் ஸ்கூல் வண்டிகளில் காத்திருந்தவர்கள் பார்த்தார்கள். நான்காவது சுற்றில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

சந்தோஷத்தில் அழுதேன் என்றுதான் அந்தப் பெண் நினைத்தார். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையில் எனக்கு வந்தது ஆத்திரம். இரண்டு மாதம் வாசலில் உட்கார்ந்து ஹாரன் அடித்த ஒவ்வொரு சாயங்காலமும் நினைவுக்கு வந்தது. குறை என்னிடம் இல்லை. இரண்டு விரல்கடை உயரம் தப்பாகப் போய்விட்டது. அதற்கு நான் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை. மினி லாரியை நேராகப் பட்டறைக்கு விடச் சொன்னேன். பட்டறைக்காரர் ஒரு லாரியின் பின்கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க்கா, வண்டி நல்லா ஓடுதுங்களா?" என்றார்.

"ஓடலீங்க."

"பழகப் பழகச் சரியாயிருமுங்க."

"நீங்க பழகியிருப்பீங்கள்ல. ஏறுங்க."

சிரித்துக்கொண்டே ஏறினார். அவருடைய ஆட்கள் வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். பட்டறை வாசலில் லாரி டயர்கள் உழுதுபோட்ட தடங்கள் இருந்தன. "அந்தத் தடத்துல எறங்கி இந்தப் பக்கம் வாங்க" என்றேன். இறங்கினார். வண்டி நின்றுகொண்டது. நடுச் சக்கரம் விர்ரென்று காற்றில் சுற்றியது. அவர் சட்டென்று காலை ஊன்றப் போனார்.

"காலை வெக்காதீங்க."

"இல்லீங்க்கா, ஒரு உந்து உந்துனா..."

"எனக்கு உந்தறதுக்குக் கால் இல்லீங்க. ரெண்டு காலையும் மேலயே வெச்சுக்கிட்டு, எறங்காம, யாரையும் கூப்புடாம வெளிய வாங்க."

முறுக்கினார். புகையும் தூசியும் எழும்பின. வண்டி நகரவில்லை. இன்னொரு தடவை முறுக்கினார். ஆட்களில் ஒருவன் தள்ளுவதற்கு வந்தான். நான் தடியை நீட்டித் தடுத்தேன். அவர் என்ஜினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். இரண்டு காலையும் பலகையில் வைத்துக்கொண்டு, யாராவது வந்து தள்ளினால்தான் உண்டு என்று ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பதை அன்றைக்குத்தான் நான் வெளியிலிருந்து பார்த்தேன். பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. ஆனாலும் உடனே இறங்குங்கள் என்று நான் சொல்லவில்லை.

பிறகு அவரே இறங்கினார். சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். "உக்காருங்க்கா" என்றார்.

காலிப்பரோடு, தடியோடு, தோளில் மாட்டும் சாப்பாட்டுப் பையோடு உட்காரவைத்து அளவெடுத்தார். பழைய வெல்டிங்கை வெட்டிச் சைடு வீலை மேலே ஏற்றி, இரண்டு பக்கமும் ஸ்பிரிங் வைத்தார். கிக்கருக்கு வழிவிட்டு இரும்பை வளைத்தார். ரொம்பவும் ஏற்றினால் வண்டி தொட்டில் மாதிரி ஆடும் என்று, நான்கு தடவை என்னை ஏற்றி இறக்கிப் பார்த்தார். சாயங்காலம் ஆகிவிட்டது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. தடிக்கு வண்டியில் இடமில்லை என்பதைப் பார்த்து, நான் கேட்காமலேயே ஒரு குழாயைப் பற்றவைத்துக் கொடுத்தார். அதை நான் மன்னிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. குழாய் உபயோகமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

தாள்களையெல்லாம் சேர்க்க இன்னும் ஆறு வாரம் ஆயிற்று. டாக்டர் சான்றிதழில் ஒரு கையெழுத்துக் குறைந்தது. அதை வாங்கிவந்தால், இன்சூரன்ஸ் தாளில் சைடு வீல் பற்றி ஒரு வரி இல்லை என்றார்கள். கடைசியில் சோதனைக்கு நின்றேன். அதே அதிகாரி. மைதானத்தைச் சுற்றி வரச் சொன்னார், கையைக் காட்டியதும் நிற்கச் சொன்னார். நின்றேன். கையெழுத்துப் போடுமுன் ஒரு கேள்வி கேட்டார். "போறப்ப வாறப்பத் துணைக்கு யாராச்சும் இருப்பாங்களா?"

"இருக்க மாட்டாங்க."

நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போட்டார்.

இப்போது எட்டு மாதமாக ஓட்டுகிறேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆகவில்லை. இரண்டு சக்கரக்காரன் ரோட்டில் குழியைப் பார்த்தால் ஒதுங்கிப் போய்விடுவான். எனக்கு மூன்று தடம். எப்படிப் போனாலும் ஏதாவது ஒரு சக்கரம் குழியில் விழும். ஆய்வகத்து வாசலில் பைக் நிறுத்துவதற்குப் போட்ட கம்பிகளுக்கு நடுவே என் வண்டி நுழையாது. கார் நிறுத்துமிடத்தில் விட்டால் காவலாளி சங்கடப்படுகிறார். ஒரு நாள், "வெளிய ஆட்டோ நிக்கற எடத்துல உடுங்களேன்" என்றார். முதலாளியிடமே நேராகப் போய்ச் சொன்னேன். ஓர் இடத்தில் மஞ்சள் கோடு போட்டுக் கொடுத்தார். பாதி நாள் அதில் வேறு யாருடைய கார்தான் நிற்கிறது.

போன மாதம் இடது சின்னச் சக்கரம் பஞ்சர். நான்கு கடை ஏறி இறங்கினேன். ஏறி இறங்கினேன் என்பது பேச்சுக்கு. வாசலில் நின்று கூப்பிட்டேன். அந்த அளவு ட்யூப் யாரிடமும் இல்லை. ஐந்தாவது கடையில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்து எங்கிருந்தோ வரவழைத்தார்கள். அதனால் போனில் கேட்கிறவர்களிடம் இப்போது முதலில் அதைத்தான் சொல்கிறேன். என்ன ட்யூப் என்று கேளுங்கள், இரண்டு வாங்கிச் சீட்டுக்கு அடியில் போட்டுவையுங்கள். மாட்டுவதற்கு முன் அலுவலகத்தில் எழுதி வாங்குங்கள். முடிந்தால் ரிவர்ஸ் வைத்த வண்டியாகப் பாருங்கள். ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் வண்டியில் ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள். அதற்கு முன் யார் சொல்லும் யோசனையையும், என்னுடையது உட்பட, முழுசாக நம்பாதீர்கள். மைலேஜைப் பற்றியும் கேட்கத்தான் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை.

தம்பியின் கால் ஆறிவிட்டது. மழை நாளில் மட்டும் லேசாக வலிக்கிறது என்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை அவன் பைக் சர்வீசுக்குப் போயிருந்தது. கோழி மருந்து வாங்க நாமக்கல்லுக்குப் போக வேண்டும், கூட்டிப் போகிறீர்களா என்று கேட்டான். பின்னால் ஏறி உட்கார்ந்தான். ஏறும்போதே, "காலைக் கீழ ஊனிராதே" என்று சொல்லிவைத்தேன்.

போகும்போது பேசாமல் வந்தான். மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பும்போது ஆரம்பித்தான். "லெப்ட்ல ஒதுங்குங்க்கா, பஸ் வருது." எனக்கும் கண்ணாடியில் தெரிந்தது. "இந்த எடத்துல கொஞ்சம் முறுக்கலாமுங்க." முறுக்கவில்லை. "பிரேக்கை இப்புடி ஒரேயடியாப் புடிச்சா லைனர் தேஞ்சுருமுங்க." விலக்கில் திரும்பி ஊர்ப் பாதையில் அரைக் கிலோமீட்டர் வந்திருப்போம். "இங்கதானுங்க அந்த வளைவு, பாத்து, நான் சொல்றப்பத் திருப்புங்க" என்றான்.

வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"என்னங்க்கா, என்னாச்சு?"

"எறங்கிக்க சாமி."

"எதுக்குங்க?"

"ஒண்ணுமில்லே. எறங்கு."

பெட்டியோடு இறங்கினான். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தான். பெட்டியை மட்டும் வாங்கிக் கால் வைக்கும் பலகையில் வைத்துக்கொண்டு, வளைவில் ஹேண்டிலைத் திருப்பி, வீடு வந்து சேர்ந்தேன். அவன் நடந்து வருவதற்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வந்தவன் மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான். அவன் மனைவி இரண்டு பேருக்கும் டீ கொண்டுவந்து வைத்தாள். அவன் தன் வாசலில் உட்கார்ந்து குடித்தான், நான் என் வாசலில் உட்கார்ந்து குடித்தேன்.